பன்னு உட்காரும் விதம்

பள்ளிக்கூடம் விட்டு வந்த மிதுலா சோபாவில் உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகை நன்றாகச் சாய்த்து, இரண்டு கால்களையும் முன்னால் நேராக நீட்டி, கைகளை வயிற்றின் மேல் வைத்திருந்தாள். வேலை முடிந்து வந்த கோகிலவாணி செருப்பைக் கழற்றக் குனிந்தவள் மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

அன்று காலையில் பன்னு இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தது.

பன்னு ஒரு பூனை. காதுகள் முன்பக்கமாக மடிந்து தலையோடு ஒட்டியிருக்கும், உருண்டை முகமுள்ள, சாம்பல் நிறப் பெண் பூனை. அந்த ஜாதிப் பூனைகள் மனிதர்களைப் போல முதுகைச் சாய்த்துப் பின்னங்கால்களை நீட்டி உட்காரும். அதைப் படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிச் சிரிப்பார்கள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வராது. காலை மடக்கினால் வலிக்கும் என்றுதான் அவை அப்படி உட்காருகின்றன. இது அவள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. அந்த வலியைத் தன் காலில் வாங்கிப் பார்த்திருக்கிறாள். அதுதான் அவள் வேலை.

"காலை மடக்கி உட்காரு கண்ணு" என்றாள்.

"இப்படித்தாம்மா நல்லா இருக்குது" என்றாள் மிதுலா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பக்கத்தில் போய் அந்தக் கால்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையை நீட்டினாள். அந்தக் கைக்குள் விரல் கணுக்களில் இன்னும் வலி இருந்தது. காலையில் பன்னுவிடமிருந்து வாங்கிய வலி. நீட்டிய கையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

*

வடவள்ளியில் டாக்டர் ரெஜினா நடத்தும் பூனை எலும்பு மருத்துவமனையில் கோகிலவாணியைக் 'கேட்கிறவங்க' என்பார்கள். பூனையின் கழுத்தில் ஒரு பட்டை கட்டப்படும். இவள் பிடரியில் ஒரு வில்லை ஒட்டப்படும். அதன் பிறகு பூனையின் உடம்பில் ஓடுவது இவள் உடம்பில் ஓடும். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று இவள் சொல்வாள். டாக்டர் அந்த மூட்டில் மருந்தை ஏற்றுவார்.

பன்னுவைக் கொண்டுவந்தவர் தங்கராசு. கிணத்துக்கடவுப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருந்து, பிறகு மடிந்த காதுப் பூனைகளுக்கு மாறியவர். பன்னுவின் அம்மாவும் அவர் வீட்டில் பிறந்ததுதான். நடுவில் ஒரு பெண் எதற்கு என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை.

"மிஷினே சொல்லீராதுங்களா டாக்டரம்மா? இந்தம்மா எதுக்குங்க குறுக்கால?"

"மிஷின் நரம்புல ஓடுறத அப்படியே எடுத்துக் குடுக்கும். அதுல எது கூச்சம், எது சூடு, எது வலின்னு அதுக்குத் தெரியாது. உடம்புள்ள ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"இந்தம்மா உடம்பு வலியும் அதோட கலந்துராதுங்களா?"

நல்ல கேள்விதான். கோகிலவாணியே பதில் சொன்னாள். வில்லை ஒட்டியிருக்கிற வரைக்கும் தன் உடம்பு தனக்குத் தெரியாது, பன்னுவின் உடம்பு மட்டும்தான் தெரியும் என்றாள். தங்கராசு அவளைக் கோயிலில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

கண்ணை மூடினாள். முதலில் குதிகாலில் தொடங்கியது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போன்ற வலி. பிறகு கணுக்கால். பிறகு விரல்கள், ஒவ்வொன்றாக. கடைசியில் முதுகெலும்பின் அடியில், மனிதர்களுக்கு இல்லாத ஓரிடத்தில், வால் கல்லாக இறுகிக் கிடந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் குறித்துக்கொண்டார். பன்னு அந்த நேரமெல்லாம் காலை நீட்டி உட்கார்ந்து, மூக்கைக்கூடச் சுருக்காமல், ஜன்னலுக்கு வெளியே பறந்த மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வில்லையை எடுத்ததும் கோகிலவாணிக்குக் கோபம் வந்தது. அதிகம் பேசாத அவளுக்குக் கோபம் வருவது அபூர்வம்.

"காது ஏனுங்க மடிஞ்சிருக்குது? குருத்தெலும்புல பலம் இல்ல. காதுல இல்லாத பலம் கால்ல மட்டும் இருக்குங்களா? இதோட அம்மாவும் இப்படித்தான்னு தெரிஞ்சும் எப்படிங்க குட்டி போட விட்டீங்க?"

தங்கராசு தலையைச் சொறிந்தார். "அழகா இருந்துச்சுங்க. வலிச்சா கத்தாதுங்களா? இது பொறந்ததுல இருந்தே இப்படித்தானுங்க உட்காருது."

"அதுக்கு இது வலின்னே தெரியாதுங்க. வலி இல்லாம ஒரு நாளும் இருந்தது இல்லையே. எல்லாப் பூனைக்கும் கால்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டிருக்கும்."

தங்கராசு பன்னுவின் தலையை ஒருமுறை தடவினார்.

இதுவரை கொடுத்த மருந்துகளெல்லாம் வலியைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அன்று பன்னுவுக்குப் போட்டது புது ஊசி. குருத்தெலும்பின் செல்களில் ஒரு கதவு இருக்கிறது, இந்தப் பூனைகளுக்கு அது மூட வேண்டிய நேரத்தில் மூடுவதில்லை, ஊசி அந்தக் கதவைச் சரிசெய்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். ஆனால் பிறக்கப்போகும் குட்டிகளிடம் இருக்கும் கதவை இது தொடாது என்றும் அழுத்திச் சொன்னார். தங்கராசு அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பலிக்குமா என்று மட்டும் கேட்டார். பார்க்கலாம் என்றார் டாக்டர். இதற்கு முந்தைய ஊசியை 'மை' என்ற கறுப்புப் பூனைக்குப் போட்டார்கள். அது கதவோடு நரம்பையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. மைக்குக் கால்கள் மரத்துப்போயின. தன்னுடையது என்று தெரியாமல் தன் விரல்களையே கடித்துத் தின்ன ஆரம்பித்தது. மையின் உடம்பைக் கேட்டுச் சொன்ன பெண் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. அவள் இடத்துக்குத்தான் கோகிலவாணி வந்தாள்.

*

கேட்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வில்லையை எடுத்த பிறகும் உடம்பில் கொஞ்சம் வலி தங்கும். அதை 'மிச்சம்' என்பார்கள். பின்னறையில் வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் கையையும் காலையும் வைத்துக்கொண்டு, அது போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். மிச்சத்தோடு வீட்டுக்குப் போகக் கூடாது. யார் சொன்னது, ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் கடைப்பிடித்தார்கள்.

"எனக்கு இன்னிக்கு வால் மிச்சம்டி" என்பாள் கூட வேலை பார்க்கும் அஸ்மா. "பஸ்ல எப்படி உட்காரப் போறேனோ." அந்த அறையில் எல்லா வலிக்கும் பெயர் மிச்சம்தான். தலைவலி வந்தாலும் மிச்சம், இடுப்பு பிடித்துக்கொண்டாலும் மிச்சம். அஸ்மா சீக்கிரமே காலைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கோகிலவாணியின் வெந்நீர் ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். அவள் மிச்சம் போகாது.

முன்பெல்லாம் அது கொஞ்சம் மங்கும், அவளும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்வாள். இப்போது மங்குவதுகூட இல்லை. காலையில் எழுந்து குதிகாலைத் தரையில் வைக்கும்போதே முந்தின நாள் கேட்ட பூனையின் வலி அங்கே இருந்தது. வெளியே சொன்னால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லாமல் இருந்தாள். பூனையின் நோய் தனக்குள் குடிவந்துவிட்டது என்று நம்பத் தொடங்கியிருந்தாள். தனக்கு வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்திருந்தாள்.

மிதுலா சோபாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கும்வரை அப்படி.

அதன் பிறகு கவனிக்கக் கவனிக்கப் பயம் கூடியது. மிதுலா மாடிப்படியில் நேராக இறங்குவதில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கினாள். பன்னு மேஜையிலிருந்து இறங்குவது அப்படித்தான். விளையாட்டுப் பீரியடில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று வகுப்பு டீச்சர் சொன்னார், கொஞ்சம் சோம்பேறித்தனம் என்றும் சேர்த்துச் சொன்னார். அது எப்போதிலிருந்து என்று கேட்கக் கோகிலவாணிக்குத் தோன்றவில்லை. எப்படி வந்தது என்பதில்தான் அவளுக்குச் சந்தேகமே இல்லையே. மிச்சத்தோடு வீட்டுக்கு வந்தாள். அந்தக் கையால் தலை பின்னினாள், சோறு ஊட்டினாள், கட்டிப்பிடித்துத் தூங்கினாள்.

அதனால் தொடுவதை நிறுத்தினாள். தலை பின்னுவதைக் கணவன் பிரபாகரிடம் விட்டாள். மோட்டார் பம்பு கம்பெனியில் வார்ப்பு வேலை பார்க்கிறவன் அவன். அவன் பின்னிய சடை மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும். சாப்பாட்டைத் தட்டில் போட்டுத் தள்ளி வைத்தாள். தனக்கு ஹாலில் பாய் போட்டுக்கொண்டாள். பிரபாகர் கேட்டதற்குச் சளி என்றாள். சளி இத்தனை நாளா இருக்கும் என்று அவன் முணுமுணுத்தான்.

மிதுலா இரண்டு மூன்று நாள் அடம் பிடித்தாள். பிறகு ஒரு நாள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் தூரத்திலேயே நின்று கேட்டாள்.

"நான் என்ன தப்பும்மா பண்ணுனேன்?"

ஒன்றுமில்லை கண்ணு என்றாள். நீளப் பார்த்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மிதுலா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

*

பன்னுவைத் தங்கராசு மறுபடி கொண்டுவந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஊசி வேலை செய்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். டாக்டர் ரெஜினா பட்டையைத் தன் கையாலேயே கட்டினார்.

கோகிலவாணி கண்ணை மூடினாள். குதிகாலுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை. கணுக்காலும் வரவில்லை. விரல்களைத் தேடினாள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கால்கள் இருந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீரே தெரியாததுபோல் இருட்டாக, ஆழமாக இருந்தது. அவள் வாழ்க்கையில் இப்படி ஒன்றை உணர்ந்ததே இல்லை. மை கடித்துத் தின்ற விரல்கள் நினைவுக்கு வந்தன. வில்லையைப் பிய்த்து எறிந்தாள்.

"போச்சுங்க டாக்டர். கால் செத்துருச்சு. நரம்பு போயிருச்சு."

தங்கராசு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ சாமி" என்றார், மெதுவாக. டாக்டர் பன்னுவின் பின்னங்காலைப் பிடித்து விரலுக்கு இடையில் லேசாகக் கிள்ளினார்.

பன்னு சீறிக்கொண்டு காலை வெடுக்கென்று இழுத்தது. டாக்டர் கையில் ஒரு கீறல் போட்டது. பிறகு மேஜையிலிருந்து மருந்து அலமாரியின் உச்சிக்கு ஒரே தாவாகத் தாவி, அங்கே நான்கு கால்களையும் மடக்கி வயிற்றுக்கு அடியில் வைத்து, சாதாரணப் பூனை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"கால் மடக்கி உட்காருதுங்க" என்றார் தங்கராசு. அவர் கண் கலங்கியிருந்தது. "இது இப்படி உட்காந்து நான் பார்த்ததே இல்லீங்க."

டாக்டர் கீறலைத் துடைத்துக்கொண்டே கோகிலவாணியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பன்னுவை இறக்கிக் கூடையில் விட்டுத் தங்கராசுவை வெளியே உட்காரச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன தெரிஞ்சுது, மறுபடி சொல்லு."

"ஒண்ணுமே தெரியலைங்க. கால் இருக்கிறதே தெரியலை."

"கோகிலா, நல்லா இருக்கிற கால் அப்படித்தான் இருக்கும்."

அவளுக்குப் புரியவில்லை.

"இப்ப நான் சும்மா உட்கார்ந்திருக்கேன். எனக்குக் கால் இருக்கிற ஞாபகமே இல்லை. நெனச்சுப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார் டாக்டர். "உனக்கு?"

"எனக்குத் தெரியும்ங்களே."

"எப்படித் தெரியும்?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். குதிகால், கணுக்கால், விரல்கள் என்று வரிசையாக வந்தது. பூனையைக் கேட்டுச் சொல்கிற அதே வரிசை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அது மிச்சம்ங்க" என்றாள்.

"இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி?"

ஸ்கிப்பிங் கயிறு நினைவுக்கு வந்தது. ஒரு நாளும் அதை அவளால் ஆட முடிந்ததில்லை. காலைப் பிரார்த்தனையில் எடையைக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. எல்லாரும் அப்படித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள், தனக்கு மட்டும் பொறுமை குறைவு என்று நினைத்திருந்தாள். அப்பா பஞ்சாலைக் குடியிருப்பின் படிகளில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவார். மேஸ்திரி தோரணை என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

டாக்டர் அவள் கையை எடுத்து மேஜை விளக்கின் கீழ் வைத்தார். குட்டையாக, நுனி தடித்த விரல்கள். கொழுக்கட்டை விரல் என்பார்கள் வீட்டில். அப்பாவுக்கு, அவளுக்கு, மிதுலாவுக்கு. பெண் பார்க்க வந்தபோது மாமியார் அந்த விரல்களைப் பிடித்துப் பார்த்து, ராசியான கை என்று பூரித்துப்போனார். மிதுலா பிறந்ததும் பிரபாகர் முதலில் எண்ணிப் பார்த்து முத்தமிட்டதும் அந்த விரல்களைத்தான்.

பூனைகளுக்குப் படம் எடுக்கும் எக்ஸ்ரே பெட்டியில் அவள் கை சரியாக அடங்கியது. திரையில் வந்த படத்தைப் பார்க்க அவளுக்கு டாக்டர் தேவைப்படவில்லை. விரல் மூட்டுகளின் முனைகள் கரையான் அரித்ததுபோல் இருந்தன. எத்தனையோ பூனைகளில் பார்த்திருக்கிறாள்.

"அதே கதவுதான். மனுஷங்களுக்கும் அபூர்வமா இருக்கும், விரல்ல தொடங்கும்" என்றார் டாக்டர். "பன்னுகிட்ட இருந்து உனக்கு எதுவும் வரலை. நீ கொண்டுவந்ததுதான் இது. உங்களுக்குச் சொல்லிக்குடுத்தப்ப எல்லாம் நோவுப் பூனைங்களையே கேட்கச் சொன்னோம். நல்லா இருக்கிற ஒரு பூனையக் கேட்டுப் பாருன்னு ஒருத்தரும் சொல்லலை. அது எங்க தப்பு."

பூனையிடமிருந்து வரவில்லை. அப்படியானால் தன்னிடமிருந்து மிதுலாவுக்கும் ஒட்டவில்லை. ஒரு மூச்சு நேரம் அவளுக்கு மனசு லேசானது. மறு மூச்சில் அது புரிந்தது. ஒட்டவில்லைதான். ஒட்டுவதற்கு எதுவுமே இல்லை. தொட்டாலும் தொடாவிட்டாலும், தள்ளிப் படுத்தாலும் படுக்காவிட்டாலும், கொடுக்க வேண்டியதை அவள் எப்போதோ கொடுத்துவிட்டாள்.

தெரிஞ்சும் எப்படிங்க குட்டி போட விட்டீங்க என்று தங்கராசுவிடம் தான் கேட்டது நினைவுக்கு வந்தது.

அவள் பார்வை சுவர் ஓரம் போனது. அங்கே ஃப்ரிட்ஜில் பன்னுவுக்குப் போட்ட மருந்தின் குப்பிகள் இருந்தன.

"அதைப் பார்க்காதே" என்றார் டாக்டர். "அது பூனைக்கு. மனுஷங்களுக்கு வர நாளாகும். அதுவரைக்கும் செய்யறதுக்கு வேற என்ன இருக்குதோ அதைச் செய்வோம். குழந்தைய நாளைக்குக் கூட்டிட்டு வா."

மிதுலா காலை நீட்டி உட்காருவதைப் பற்றி அவள் டாக்டரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் எழுந்து போய் ஃப்ரிட்ஜைப் பூட்டினார். சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் இதுவரை அதைப் பூட்டி அவள் பார்த்ததில்லை.

வெளியே தங்கராசு கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பி வழியாக விரலை விட்டுப் பன்னுவோடு விளையாடிக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். "இனி பயமில்லாம குட்டி போடலாமுங்க" என்றார். திட்ட வேண்டும் என்று தோன்றியது. பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

*

அன்று அவள் வெந்நீரில் கால் வைக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போனாள்.

மிதுலா சோபாவில் இருந்தாள். முதுகைச் சாய்த்து, காலை நீட்டி. பிரபாகர் சமையலறையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தான். கோகிலவாணி போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிதுலா சட்டென்று நகர்ந்து இடம் விட்டாள். இத்தனை நாளில் பழகிவிட்டாள்.

"சளி போயிருச்சாம்மா? தொடலாமா?"

கோகிலவாணி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குட்டைக் கை, குட்டை விரல்கள். ஒரு விரலின் கணுவைத் தொட்டாள். உள்ளே லேசாகச் சுட்டது.

"மிது, கால் வலிக்குதா?"

"இல்லையே."

"கை?"

"இல்லம்மா."

பொய் சொல்கிற முகம் இல்லை. கோகிலவாணிக்கு ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது. அதை அப்படியே விட்டுவிடலாமா என்று நினைத்தாள். விட முடியவில்லை. கேட்கத் தெரிந்தவள் வீட்டில் அவள் ஒருத்திதான்.

"இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறியே. உனக்குக் கால் இருக்கிறது தெரியுதா கண்ணு?"

"தெரியுதே."

"எப்படித் தெரியுது?"

மிதுலா யோசித்தாள். இவ்வளவு சுலபமான கேள்வியை அம்மா ஏன் கேட்கிறாள் என்பதுபோல் பார்த்தாள். "இங்க பிழியற மாதிரி இருக்கும்ல" என்று குதிகாலைக் காட்டினாள். "அப்பறம் இங்க. நடந்தா கொஞ்சம் ஜாஸ்தி. எல்லாருக்கும் இருக்கும்லம்மா?"

கோகிலவாணி அவளை இழுத்துத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். கால் கடுத்தது. தன்னை அறியாமலே இரண்டு கால்களையும் முன்னால் நீட்டினாள். அப்படி நீட்டியதும் கொஞ்சம் இதமாக இருந்தது. எத்தனை வருஷமாக இப்படி உட்காருகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்த பிரபாகரின் முகம் மலர்ந்தது. பல நாளுக்குப் பிறகு இருவரையும் ஒன்றாகப் பார்க்கிறான். கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"அட, அம்மாளும் பொண்ணும் ஒரே அச்சு. உட்காந்திருக்கிறதப் பாரு" என்று சிரித்தான். "அசையாம இருங்க ரெண்டு பேரும்."

மிதுலா போனைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். கோகிலவாணி அசையவில்லை. அவளுக்குத் தன் கால்கள் தெரிந்தன. பிடரியில் வில்லை எதுவும் இல்லாமலே மகளுடைய கால்களும் தெரிந்தன.